ஆயுத பூஜையன்று பார்த்த புரூஃப்

காலை மணி ஒன்பது இருபது. தொழிற்சாலை கேட்டைத் தாண்டியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு ஃபோர்க்லிஃப்ட். அதன் இரண்டு இரும்புக் கொம்புகளிலும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். ஓட்டுநரின் மனைவி ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்காக மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஓசூர் தொழிற்பேட்டையில் அந்த ஒரு நாள்தான் வெளியாட்களைத் தாராளமாக உள்ளே விடுவார்கள். மற்ற நாட்களில், ஒரு நாளிதழின் ஓசூர் நிருபரான நான் கேட்டருகே போய் நின்றால் காவலாளி முதலில் என் சைக்கிளைத்தான் அப்பால் தள்ளச் சொல்வார். ஆயுத பூஜையன்று அதே காவலாளி சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்.

நாங்கள் ஐந்து பேர் போயிருந்தோம். மத்திகிரியில் எங்கள் அக்கா குடியிருந்த வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர், அந்தத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். அவர்தான் அழைத்துப் போனவர். பிறகு அக்கா, அக்காவின் கணவர், அவர்கள் மகள், நான். என் சட்டைக்குள், பனியனோடு ஒட்டி, மடித்த தாள் ஒன்று இருந்தது. அக்கா மகளின் கல்யாணப் பத்திரிகையை அச்சிடும் முன் பிழை திருத்த எடுத்த புரூஃப். அது அக்காவுக்குத் தெரியாது.

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் மச்சான். பஜார் தெருவில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்போசிட்டராகச் சேர்ந்து, பின்னர் அங்கேயே புரூஃப் பார்ப்பவர் ஆனவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் படிப்பார். ஓசூரில் அது பெரிய திறமையாகக் கருதப்படவில்லை. பெண் வீடு தமிழும் மாப்பிள்ளை வீடு தெலுங்குமாக ஒரே அட்டையில் அடிக்கும் ஊரில் அது தேவை, அவ்வளவுதான். ஆனால் பத்திரிகையில் யார் பெயருக்கு அப்புறம் யார் பெயர் வரவேண்டும் என்பதை அவரிடம் கேட்டுக்கொண்டு போக ஆட்கள் வருவார்கள். சித்தப்பாவை இரண்டாவது வரிக்குத் தள்ளினால் எத்தனை வருஷம் பேச்சு நிற்கும் என்று அவரால் சொல்ல முடியும்.

அந்த வருஷம் ஆனி மாதம், அச்சகத்தில் அவர் முதலில் குறைப்பட்டுக்கொண்டது மையைப் பற்றி. வரியின் நடுவில் எழுத்து மங்குகிறது, உருளையில் மை பத்தவில்லை என்றார். டிரெடில் என்ற அச்சு இயந்திரத்தை மிதிப்பவர் மையைக் கூட்டினார். மறுபடியும் மங்குகிறது என்றார். மறுபடியும் கூட்டினார். ஒரு கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ் முழுக்க எழுத்தின் வயிறெல்லாம் அடைத்துக்கொண்டு கறுப்பாக வந்தது. பதினைந்து நாள் பழி உருளையின் மேல் இருந்தது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் அக்காவை நிமிர்ந்து பார்த்து, "உன் மூக்க காணமே" என்றார்.

"கட்டி இத்தன வருசம் ஆச்சி. இப்பத்தான் மூக்கு தெரியலயா உங்களுக்கு?"

"இல்லடி. காது தெரியுது, தோடு தெரியுது. நடுவுல ஒண்ணுமே இல்ல."

அடுத்த வாரம் அத்திப்பள்ளி வழியாக பெங்களூருக்குப் போய் ஒரு கண் ஆஸ்பத்திரியில் காட்டினோம். விழித்திரையின் நடுப்பகுதியில் தழும்பு விழுந்துவிட்டது, அறுவை சிகிச்சை இதற்கு உதவாது, ஓரப்பார்வை அப்படியே இருக்கும், முழுக்க இருட்டாகிவிடாது என்றார் டாக்டர். மாமா அதைப் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரே வாக்கியமாகச் சுருக்கினார்: "நடு போச்சு, ஓரம் இருக்குது."

ஆஸ்பத்திரியில் நான்கு பொருட்கள் கொடுத்தார்கள், அல்லது வாங்கச் சொன்னார்கள். புட்டிக் கண்ணாடி என்று சொல்வோமே, அதையும் மிஞ்சிய கனத்தில் ஒரு மூக்குக் கண்ணாடி. கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடி ஒன்று. ஒரு வரி மட்டும் தெரியும்படி நீளமாகச் சந்து வெட்டிய கறுப்பு அட்டை. நான்காவது, மேசையோடு கவ்வும் ஒரு விளக்கு. கறுப்பு அட்டையைப் பார்த்து மாமா சிரித்தார். "இதுக்கா பெங்களூர் வந்தம்? எங்க கட்டிங் மிசின்ல ஒரு நாளைக்கு ஆயிரம் வெட்டுவனே" என்றார். வெட்டவும் செய்தார். தமிழ் வரிக்கு ஓர் அட்டை. மேலும் கீழும் எழுத்து நீளும் தெலுங்குக்குக் கொஞ்சம் அகலச் சந்து விட்டு இன்னோர் அட்டை.

மூக்குக் கண்ணாடியைப் போட்டால் தாளை முகத்துக்கு மிக அருகில் கொண்டுவர வேண்டும். புத்தகமானால் பரவாயில்லை. புரூஃப் என்பது அப்போதுதான் எடுத்த ஈரத்தாள். மாமா அச்சகத்திலிருந்து வீட்டுக்கு வரும்போது மூக்கு நுனியில் மை இருக்கும். சில நாள் தலைப்பெழுத்து ஒன்று தெளிவாகவே பதிந்திருக்கும். அக்கா மகள் அதைப் படித்துச் சொல்வாள்: "இன்னிக்கி கிரகப்பிரவேசமா அப்பா?"

இவ்வளவு இருந்தும் வேலை ஓடவில்லை. எழுத்து பெரிதாகத் தெரிந்தது. ஆனால் எந்த எழுத்தைப் பார்க்க விரும்பினாரோ அது மறைந்தது. பழக்கத்தில் கண் நேராகப் போய் எழுத்தின் மேல் நிற்கும். நின்ற இடத்தில் ஓட்டை. தலையைத் திருப்புவார், தாளை நகர்த்துவார், கண்ணையும் உருட்டுவார், மூன்றும் ஒரே நேரத்தில். பாகலூர் ரோட்டில் கட்டிய ஒரு வீட்டின் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் தேதி மாறிப்போய், அச்சகம் மொத்தத்தையும் திருப்பி அடித்துக்கொடுத்தது.

அச்சக உரிமையாளர் தெலுங்கு பேசுபவர். மாமாவை விட வயதில் சிறியவர், அன்னா என்றுதான் கூப்பிடுவார். அவர் கோபப்படவில்லை. "அன்னா, முன்னாடி சீட்டுல உக்காருங்க. ஆர்டர் வாங்குங்க, வர்றவங்ககிட்ட பேசுங்க. அதே சம்பளம். புரூஃபுக்கு கிருஷ்ணகிரில இருந்து ஒரு பையன் வர்றேங்கறான்" என்றார்.

"முன்னாடி உக்காந்து சிரிக்கணுமா?"

"சிரிச்சா நல்லதுதானே அன்னா."

"எனக்கு சிரிப்பு வர்றப்பதான் சிரிப்பன்."

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். விஜயதசமியன்று அச்சகத்தில் ஏறும் முதல் வேலை மாமாவின் மகள் கல்யாணப் பத்திரிகை. அதை மாமாவே பார்த்து, திருத்தி, அச்சிடலாம் என்று எழுதிக் கொடுத்தால் புரூஃப் மேசை அவருக்கு. பிழை விட்டால் முன் சீட்டு. ஏற்பாட்டைச் சொன்ன அன்று மாமா இரவுச் சாப்பாட்டைப் பாதியில் எழுந்துவிட்டதாக அக்கா என்னிடம் சொன்னார். வேறு எதற்கும் அவர் சோற்றை மிச்சம் வைத்து நான் கேள்விப்பட்டதில்லை.

பக்கத்து வீட்டு இன்ஸ்பெக்டர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். மூக்கு மையைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர், "அண்ணாச்சி, எங்க இன்ஸ்பெக்‌ஷன் ரூம்ல ஒரு மெஷின் கெடக்கு. ஊசி முனையை வச்சா ஒலக்கை மாதிரி காட்டும். ஸ்க்ரூவோட பல்லு தேஞ்சிருக்கான்னு அதுலதான் பாப்போம். உங்க தாளை அதுல வச்சுப் பாத்தா என்ன?" என்றார்.

"உள்ள உடுவாங்களா?"

"ஆயுத பூஜைக்கு வாங்க. அன்னைக்கு ஆட்டுக்குட்டியக் கொண்டாந்தாலும் உடுவாங்க."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஆயுத பூஜைதான் சரஸ்வதி பூஜையும். அன்றைக்குப் படிக்கக்கூடாது. அக்கா இதில் கண்டிப்பானவர். முந்தின நாள் மாலையே வீட்டிலிருந்த புத்தகங்கள், மகளின் தட்டச்சுப் பயிற்சித் தாள்கள், அரிவாள்மணை, என் பேனா எல்லாம் படத்துக்கு முன்னால் போய்விட்டன. அடுக்கின் உச்சியில் மாமாவின் மூக்குக் கண்ணாடியும் பூதக்கண்ணாடியும் இருந்தன. இரண்டு லென்ஸிலும் சந்தனம், குங்குமம்.

"அத ஏன்டி வெச்ச?"

"உங்க ஆயுதம் அதானே? நாளைக்கி ஒரு நாள் அதுக்கும் லீவு."

புரூஃபையும் கேட்டார். அச்சகத்திலேயே பூஜையில் இருக்கிறது என்று மாமா சொன்னார். அது அப்போதே என் சட்டைக்குள் வந்துவிட்டது.

தொழிற்சாலையில் கடைசல் இயந்திரங்கள் எல்லாம் பட்டை பட்டையாக விபூதியும் கதம்பமுமாக நின்றன. தீபாராதனை முடிந்ததும் ஒவ்வோர் இயந்திரத்தையும் ஒரு தடவை ஓடவிட்டு நிறுத்துவது அங்கே வழக்கம். எங்கள் திட்டம் அந்த ஒரு தடவையை நம்பித்தான் இருந்தது. பொரி, சுண்டல், லட்டு வாங்க அக்கா வரிசையில் நின்றதும் நாங்கள் நான்கு பேரும் இன்ஸ்பெக்‌ஷன் அறைக்குள் போனோம். ஏற்கெனவே அங்கே ஒரு வரிசை. வரும் குடும்பங்களுக்குத் தலைமுடியைப் பெரிதாக்கிக் காட்டி இன்ஸ்பெக்டர் போன வருஷமே பெயர் வாங்கியிருந்தார்.

புரொஃபைல் புரொஜெக்டர் என்று அதற்குப் பெயர். ஆள் உயரம். தாம்பாளம் அளவில் வட்டமான கண்ணாடித் திரை, அதன் கீழே சின்ன மேடை, மேடையை நகர்த்த இரண்டு திருகுகள். திரைக்கு மேல் சாமந்தி மாலை. மாமாவை ஸ்டூலில் உட்காரவைத்து, தாளை மேடையில் பரப்பி, இன்ஸ்பெக்டர் விளக்கைப் போட்டார். அவர் கண் மேடையிலேயே இருக்க, கை திருகைச் சுற்ற ஆரம்பித்தது. திரையில் எழுத்துகள் தலைகீழாக வந்தன. ஒவ்வொன்றும் வடை அளவு.

"தலகீழா உழுதா அண்ணாச்சி? இருங்க, திருப்பி வைக்கேன்."

"இருக்கட்டும். நாப்பது பக்க பொஸ்தகத்தையே தலகீழா கோத்தவன் நான்" என்ற மாமா, மெதுவாக, "நிகழும்... மங்களகரமான..." என்று படித்தார். பிறகுதான் தாளைத் திருப்ப விட்டார்.

திருகு சுற்றச் சுற்ற எழுத்துகள் வலப்பக்கம் புகுந்து இடப்பக்கம் போயின. மாமா நிறுத்தாமல் படித்துக்கொண்டே போனார். ஒரு வரி, இன்னொரு வரி. அந்த மூன்று மாதத்தில் அவர் ஒரு வரியைத் தடுமாறாமல் முடித்து நான் பார்க்கவில்லை. அப்போதுதான் இன்ஸ்பெக்டர் தலையை நிமிர்த்தித் திரையைப் பார்த்தார்.

"ஏலே! எவம்லே கண்ணாடியில பொட்டு வச்சது!"

திரையின் நட்ட நடுவில், எட்டணாக் காசுக்கு இரண்டு மடங்காக, சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம். பூஜை செய்தவர்கள் சட்டத்தில் வைக்கவேண்டியதைக் கண்ணாடியில் வைத்திருந்தார்கள். நான் அதைத் தொடக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அந்த இயந்திரத்தின் அலங்காரம் என்று எடுத்துக்கொண்டேன்.

"பொட்டா? எங்க?" என்றார் மாமா.

"மூஞ்சிக்கு நேரா இருக்குதுப்பா!" அக்கா மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமா தலையைக் கொஞ்சம் சாய்த்தார். "ஓ. இருக்குது" என்றார்.

துடைக்க இன்ஸ்பெக்டருக்கு மனம் வரவில்லை. பூஜை நாளில் வைத்த பொட்டை அன்றே அழிப்பது எப்படி? அதோடு, அவருக்கே இப்போது ஆர்வம் வந்துவிட்டது. மாமாவை எழுப்பிவிட்டு அவர் உட்கார்ந்து படித்துப் பார்த்தார். எழுத்து பொட்டுக்குப் பின்னால் போகும்போதெல்லாம் கண்ணும் அதன் பின்னால் போனது. "நடு எழுத்து தெரிய மாட்டேங்கே! கழுத்து வலிக்கி அண்ணாச்சி" என்றார். நானும் உட்கார்ந்தேன். பொட்டைச் சுற்றி எட்டிப் பார்ப்பதிலேயே வாக்கியம் தொலைந்தது.

"இப்ப வெளங்குதா? எனக்கு தெனமும் இதே பொட்டுதான்" என்றார் மாமா.

"உங்களுக்கு மட்டும் எப்படி ஓடுச்சு?" என்று கேட்டேன்.

மாமா மறுபடியும் உட்கார்ந்தார். திருகைச் சுற்றச் சொன்னார். இரண்டு வரி ஓடவிட்டார்.

"நான் எழுத்த பாக்கல. நடுவுல கண்ண நிறுத்திட்டன். அதுக்குக் கீழ போற வரி தானா வருது, தானா போவுது. அதப் படிக்கறன்."

நான் பக்கவாட்டில் நின்று அவர் கண்களைக் கவனித்தேன். அசையவில்லை. வீட்டிலும் அச்சகத்திலும் தாள் நிற்க, கண் ஓடியது. இங்கே கண் நின்றது, தாள் ஓடியது. வித்தியாசம் அது ஒன்றுதான்.

பத்திரிகையின் அடிப்பகுதி வந்தது. பெண்ணின் தாய்மாமன் என்ற முறையில் என் பெயர் திரை முழுக்க நகர்ந்து போனது. "மச்சான், உன் பேர பாரு, எவ்ளோ பெருசு! உங்க பேப்பர்ல என்னிக்காவது இப்படி போட்டிருப்பானா?" பேப்பரில் என் பெயர் எந்த அளவிலும் வந்ததில்லை. 'நமது நிருபர்' என்றுதான் வரும். அவருக்கு அது தெரியும்.

வரிசையில் நின்றவர்கள் முடியைக் கையில் பிடித்துக்கொண்டு பொறுமையிழந்தார்கள். ஓர் அம்மாள் கன்னடத்தில், இந்த ஆள் மட்டும் ஏன் இவ்வளவு நேரம், அவருக்குத் தலையில் அவ்வளவு முடியும் இல்லையே என்று கேட்டார். மாமா திரும்பாமலே கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்தச் சமயம் பொரிப் பொட்டலங்களோடு அக்கா உள்ளே வந்தார்.

"சரஸ்வதி பூஜையும் அதுவுமா படிக்கறீங்களா?"

"யாரு படிச்சா? மிசின் எப்படி ஓடுதுன்னு பாக்கறன்."

"மிசின்ல நம்ம பொண்ணு பேரு ஓடுதே!" என்னைப் பார்த்து, "நீயும் சேந்துகிட்டியா?" என்றார். நான் பொரிப் பொட்டலம் ஒன்றை வாங்கிப் பிரித்தேன். அக்கா திரையருகே வந்து நின்றார். கொஞ்ச நேரம் ஓடும் எழுத்துகளைப் பார்த்தார்.

"என் பேரு எங்க?"

"மேல ஏத்தணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சரி, அத ஒருவாட்டி காட்டிட்டு நிறுத்துங்க."

மறுநாள் விஜயதசமி. பூஜை கலைத்து, சாஸ்திரத்துக்கு எல்லாரும் ஒரு வரி படித்ததும், மாமா பூதக்கண்ணாடியின் சந்தனத்தைக் கழுவிவிட்டு அச்சகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே எழுத்துக் கோக்கும் மேசையில் ஒரு கம்பியை வளைத்து, கண்ணாடி ஆடாமல் நிற்கும்படி கட்டினார். விளக்கைப் பக்கத்தில் கவ்வவைத்தார். கோத்த எழுத்தைத் தாங்கும் கேலி என்ற தகரத் தட்டில் புரூஃபை ஒட்டி, மேலே கறுப்பு அட்டையை வைத்து, தட்டைக் கண்ணாடியின் கீழே இடப்பக்கமாக இழுத்தார். முதலில் சரிவரவில்லை. கண் பழையபடி எழுத்தைத் துரத்தியது. நிற்க அதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

கூட வந்திருந்த அக்கா மகள்தான் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கண்ணாடியின் மேல்பகுதியில் ஒட்டினாள். "இதையே பாருப்பா."

மாமா பார்த்தார். பொட்டை நேராகப் பார்த்தால் பொட்டு காணாமல் போனது. அது காணாமல் போன நொடியில் அதற்குக் கீழே இருந்த வரி முழுசாகத் தெரிந்தது. பொட்டு மறுபடி தென்பட்டால் கண் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். திரும்ப அதை மறைக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்ததும் அவர் என்னைக் கூப்பிட்டு விளக்கினார், உரிமையாளரைக் கூப்பிட்டு விளக்கினார், டிரெடில் மிதிப்பவரிடம் மையைப் பற்றிச் சொன்னதற்கெல்லாம் சேர்த்து வருத்தம் தெரிவித்தார்.

"பொட்டு தெரிஞ்சா எழுத்து தெரியாது. பொட்டு மறைஞ்சா எழுத்து தெரியும். ஆச்சா?"

"எனக்கு ரெண்டும் தெரியுது அன்னா" என்றார் உரிமையாளர்.

"உனக்கு நல்ல கண்ணு. உனக்கு இது வராது."

புரூஃப் பார்க்க ஆரம்பித்தார். முன்பெல்லாம் ஒரு கல்யாணப் பத்திரிகை அவருக்கு ஒரு டீ குடிக்கும் நேரம். அன்று காலையில் தொடங்கியது சாப்பாட்டு வேளைவரை போனது. தமிழ்ப் பக்கத்தில் உடைந்த எழுத்து ஒன்று, விட்டுப்போன புள்ளி ஒன்று. தெலுங்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா, சித்தப்பாவுக்குக் கீழே போயிருந்தார்; அவரை மேலே ஏற்றி அம்புக்குறி போட்டார். உரிமையாளர் எதிரில் உட்கார்ந்து இன்னொரு பிரதியைத் தன் கண்ணால் பார்த்தார். முடித்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். அக்கா மகள் நகத்தைக் கடித்தாள்.

"பெரியப்பாவ நான் பாக்கல" என்றார் உரிமையாளர்.

"அவரு பாத்திருப்பாரு உன்ன. மண்டபத்துல."

உரிமையாளர் சிரித்துவிட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ரொம்ப நேரம் ஆவுது அன்னா. முகூர்த்த மாசத்துல எப்படி?" என்றார்.

"அவசரமா வேணுங்கறவனுக்கு நீ தப்பா அடிச்சிக் குடு. சரியா வேணுங்கறவன் உக்காரட்டும், நான் பேசிட்டிருக்கன்."

"பேசறதுன்னா முன் சீட்டுலதானே பேசணும்?"

"இங்க இருந்தே கத்தறன்."

உரிமையாளர் புரூஃபை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திருத்திக் கோத்த எழுத்துப் பாரம் நாலரை மணிக்கு டிரெடிலில் ஏறியது. மாமா மூக்கைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடி கம்பியில் நின்றதால் அன்று மூக்கில் மை இல்லை.

அடுத்த நாள் காலை நான் பேருந்து நிலையத்தில் ஒரு செய்தி எடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் அச்சகத்தில் எட்டிப் பார்த்தேன். முன் சீட்டில் உரிமையாளர் உட்கார்ந்திருந்தார். மாமாவின் மேசையில், தட்டில் ஒட்டி, மத்தூரிலிருந்து வந்த ஒரு காதுகுத்துப் பத்திரிகையின் புரூஃப் இருந்தது.